கீழே இறங்கிய புத்தகக் கடை

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் நண்பன் சுப்புராஜின் புத்தகக் கடையில் உட்கார்ந்திருந்தேன். அருப்புக்கோட்டையில் நோட்டும் கைடும் விற்கும் கடைகள் உண்டு. கதை, கவிதை என்று கேட்டு வாங்க, எனக்குத் தெரிந்து இவன் ஒருவன்தான்.

கூட்டத்துக்குக் குறைவில்லை. இரண்டு பேர் ஃபேனுக்கு நேராக நின்றபடி பரளச்சி பஸ்ஸை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஜெராக்ஸ் எடுக்க முடியுமா என்று கேட்டார். பாலவனத்தம் போகிற ஓர் அம்மா, கவிதைப் புத்தகங்கள் மேல் கட்டைப்பையை வைத்துவிட்டு, "அண்ணே, இதைச் செத்த பாத்துக்கங்க. பஸ்ஸு வந்ததும் எடுத்துக்கிறேன்" என்றார்.

சுப்புராஜ் பார்த்துக்கொண்டான். வேறென்ன செய்வான்?

ஆவணி வரை இந்தக் கடை மாடியில் இருந்தது. தறிச் சாமான் கடைக்கு மேலே, இருபத்திரண்டு படி. ஏன் வியாபாரம் இல்லை என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான் — "படிதான்யா காரணம். மூச்சு வாங்க எவன் ஏறி வருவான்?" பதினைந்து வருடமாக இதே பதில்... நானும் தலையாட்டுவேன்.

இதற்கு நடுவில் ஜூலையில் நான் ஹாங்காங் போனேன். மகளுக்கு அங்கே வேலை. புத்தகக் கண்காட்சிக்குக் கூட்டிப் போனாள். வாசலில் நீண்ட வரிசை. அதில் பலர் கையில் சக்கரம் வைத்த பெட்டி! ஏர்போர்ட்டிலிருந்து நேராக வந்துவிட்டார்கள் போல என்று நினைத்தேன். "காலிப் பெட்டிப்பா. புத்தகம் அள்ளிட்டுப் போக" என்றாள்.

மறுநாள் ஒரு புத்தகக் கடை. தெருமட்டத்தில் வாடகை கட்டுப்படியாகாதாம். அதனால் சின்னப் புத்தகக் கடைகள் பலவும் மாடியில்தான். நாங்கள் போனது மூன்றாவது மாடி — லிஃப்ட் கிடையாது. ஒருவர் இறங்கினால் ஏறுகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்படியும் படி நெடுக ஆட்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டையோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. சுப்புராஜை நினைத்து அழுகையும் வந்தது.

ஊர் திரும்பியதும் அவன் கேட்ட முதல் கேள்வி — "ஏலே, அங்கெல்லாம் புத்தகக் கடை கீழயா, மாடியிலயா?"

அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை. "கீழதாம்லே. எல்லாம் ரோட்டு மேலயே இருக்கு" என்றேன்.

"பாத்தியா! நான் சொல்லல?"

ஆறுதலுக்குச் சொன்ன பொய். அதை யோசனையாக எடுத்துக்கொள்வான் என்று கண்டேனா? அடுத்த மாதமே பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இந்த இடத்தைப் பிடித்துவிட்டான்.

பஸ்கள் ஒவ்வொன்றாக வந்தன. கட்டைப்பை போனது. ஃபேனுக்கு நேராக நின்றவர்களும் போனார்கள். புத்தகம் ஒன்றுகூடப் போகவில்லை.

"மாடியில இருந்தப்ப படியத் திட்டிக்கிட்டாவது நிம்மதியா இருந்தேன். இப்ப யாரைத் திட்ட?" என்றான் சுப்புராஜ். "பொங்கல் வரைக்கும் பாப்பேன். அப்புறம் ஷட்டரை இறக்கிட்டு வேற வேலை பாக்க வேண்டியதுதான்."

என்னைத் திட்டு என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

படிக்காததற்கு நாம்தான் எத்தனை காரணம் வைத்திருக்கிறோம்! வெயில், டிவி, செல்போன், பிள்ளைகளின் பரீட்சை, மாடிப்படி... ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் கடைசியில் மிஞ்சுவது யார்? புத்தகம் வேண்டாம் என்கிற நாம்தான். இது மாறும் என்று எழுதி முடிக்கத்தான் ஆசை. நம்பிக்கை இல்லை.

நேரில் சொல்லத் தைரியமில்லாததை இங்கே எழுதிவிட்டேன். எங்கள் ஊரில், பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிக்கிற ஆள், எனக்குத் தெரிந்து, ஒருவன்தான்...

சுப்புராஜ்.