ஒரே அளவுத் தோட்டாக்கள்

அமெரிக்காவில் ரவுண்ட் ராக் ஊர்ப் பக்கம் துப்பாக்கிப் பயிற்சி மைதானத்தில், எனக்கு அடுத்த மேசையில் ஒரு கோயம்புத்தூர் ஆன்ட்டி இருந்தார். கொண்டைக்கு மேல் காதுக்கவசம். பக்கவாதத்திலிருந்து தேறிவந்த வலது கை லேசாக நடுங்கியது.

வீட்டில் தானே தயாரித்த தோட்டாக்களைக் காலிப்பர் என்ற அளவுக்கருவியில் ஒவ்வொன்றாக நீளம் அளந்தார். குண்டின் கூர்முனை ஒன்றுபோல் இருக்காது என்பதால், முனைக்குப் பதில் குண்டு தடிக்கும் இடத்திலிருந்து அளக்க, அங்கே பொருந்தும் ஒரு வளையத்தைக் காலிப்பரில் மாட்டியிருந்தார். மயிரிழை வித்தியாசம் தெரிந்தாலும் அந்தத் தோட்டாவை ஒதுக்கினார்.

“கையே நடுங்குதே ஆன்ட்டி, இவ்ளோ அளந்து என்ன யூஸ்?” கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் சிரித்தார். “தோட்டா எல்லாம் ஒரே மாதிரி இருந்தாத்தான் கண்ணு, என் கை எவ்வளவு இம்ப்ரூவ் ஆயிருக்குன்னு தெரியும்.”

அன்று அவர் சுட்ட ஐந்து குண்டுகளும் குறி அட்டையில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. போன மாதம் ஒன்றுகூட அட்டையில் படவில்லையாம். அந்த அட்டையைக் காரின் முன்சீட்டில் நிறுத்தி, சீட் பெல்ட் போட்டு அழைத்துப்போனார்.