நான் போட்ட டிக்

மழை வரும் என்று ரேடியோ சொன்னதில் எனக்குக் கோபமில்லை. வந்தது என்று நான் எழுதினேனே, அதில்தான்.

ஆந்திராவுக்கும் மெட்ராஸ் ராஜ்யத்துக்கும் எல்லை பிரிந்த வருஷம். சித்தூரில் சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா நான். ரேடியோ சொன்ன மழை பெய்ததா என்று மழைமானிக் கணக்குகளைப் பார்த்து டிக் போடும் வேலை. எங்கள் நிலம் நகரிக்குத் தெற்கே. அதற்குப் பக்கத்து மானி திருத்தணியில். கோடு கிழித்ததும் திருத்தணி மெட்ராஸுக்குப் போனது; பட்டியலிலிருந்து அந்த மானியின் பெயரை அடித்தேன். நானேதான் அடித்தேன்.

புரட்டாசியில் மூன்று நாள், "சித்தூர் ஜில்லாவில் மழை" என்றார்கள். மூன்று நாளும் திருப்பதியில் பெய்தது. மலையில் மேகம் முட்டினால் பெய்யாமல் என்ன செய்யும்!

"நகரியில ஒரு சொட்டு இல்ல சார்," என்றேன் தெலுங்குக்கார ஹெட் கிளார்க்கிடம்.

"நகரி ஒண்ணே ஜில்லாவாய்யா? ஜில்லாலோ பெய்ஞ்சுதா, லேதா? டிக் போடு."

போட்டேன். மூன்று டிக்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். எங்கள் மானாவாரிக் கொல்லியில் வேர்க்கடலை முற்றி நின்றது. மண்ணில் ஈரமிருந்தால்தான் செடியோடு காயும் வரும்.

"போன மழை ஈரம் கொஞ்சம் கீது. இன்னிக்கே புடுங்கிடவா?" என்றார் நைனா, என் அப்பா.

"இரு நைனா. மூணு நாளும் ரேடியோ சொன்னது தப்பல. நாளைக்கும் மழைனு சொல்லிக்கீறாங்க. நல்லா நனஞ்சதும் புடுங்கலாம்."

என் டிக்கை நானே நம்பினேன். அவர் என்னை நம்பினார்.

எட்டு நாள். திருப்பதியில் பெய்தது, பெய்தது. திருத்தணியில் தூறல்கூட இல்லை என்று பஸ்காரர்கள் சொன்னார்கள். எங்கள் காகிதத்தில் அந்த ஊரே இல்லை. எங்கள் செம்மண் ஓடாக இறுகியது. அடுத்த ஞாயிறு போய் இழுத்தால் செடி மட்டும் வந்தது, காய் உள்ளேயே நின்றது. களைக்கொத்தால் கிளறினோம், நகம் பெயர. பாதிக்கு மேல் மண்ணோடு போயிற்று.

"ரேடியோக்காரன் பொய் சொன்னானாடா?"

"இல்ல நைனா. திருப்பதில பெஞ்சுது."

"அப்ப கொல்லிய தூக்கினு போயி திருப்பதில வச்சுக்கவா?"

மறுநாள் பதிவேட்டில் பென்சிலால் புதிதாக ஒரு கட்டம் போட்டேன்: எந்த ஊரில் பெய்தது, எந்த ஊரில் பெய்யவில்லை, இரண்டுக்கும் எத்தனை மைல். திருத்தணியையும் சேர்த்தேன்.

"இது எவனுக்குய்யா வேணும்?" என்றார் ஹெட் கிளார்க்.

"எங்க நைனாவுக்கு சார்."

ரப்பரை எடுத்து அழித்தார். அவர் காபிக்குப் போனதும் மறுபடி போட்டேன், மையால்.