மேல் தோவுக்கு நாற்பது நாள்

எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கன்டோன்மென்டில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவக் கோவிலின் பாடகர் குழுவில் பதினாறு ஆண்டுகளாக டெனர், அதாவது ஆண்களில் மேல்குரல். எங்களுக்குப் பாட்டுச் சொல்லித் தந்தவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளைய பள்ளிக்கூட வாத்தியார். சாம்பல் புதனுக்கு முந்தின நாள், ஈஸ்டர் பாட்டின் ஒத்திகையில், கீழிருந்து மேல் தோவுக்கு, அதாவது மேல் ஸாவுக்கு, ஏறும் இடத்தில் என் குரல் இரண்டாகப் பிளந்தது. ஒருமுறையல்ல, மூன்று முறை.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. கீழ்க்குரலுக்கு, பேஸ் பக்கம் போயிடுங்களேன்" என்றார்.

"ஈஸ்டர் வரைக்கும் நகர மாட்டேன், தம்பி. அன்னைக்கும் ஒடஞ்சா நானே போறேன்."

ஞாயிறுகள் போக நாற்பது நாள் தவக்காலம். தினமும் காலையில் அல்சூர் ஏரிக்கரையில் அறுபது முறை அந்த ஏற்றத்தைப் பாடிப் பார்த்தேன். ஏரிக்காற்று எனக்கு ஆகாது. கழுத்தில் மப்ளர் இல்லாமல் போனதில்லை. துணி துவைப்பவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வீட்டில் என் மனைவி, "ஏங்க, அந்த ஏரியில எருமைங்க பத்தாதுன்னா நீங்களும் போறீங்க?" என்று கேட்டாள். பதில் சொன்னால் தொண்டை கெடுமென்று மப்ளரை இறுக்கிக்கொண்டேன்.

முதல் பதினோரு நாளும் உடைந்தது. பிறகு இரண்டு நாள் காய்ச்சல். எழுந்து போன அன்று கத்தத் தெம்பில்லை. வாயை மூடி 'ம்' என்று முனகியபடியே கீழிருந்து மேலே வழுக்கிப் போனேன். உடையவில்லை! திரும்ப இறங்கினேன், அப்போதும் இல்லை. எங்கள் தவறு அன்றுதான் விளங்கியது. நாங்கள் எல்லோரும் குருத்தோலைப் பவனியில் கீர்த்தனை பாடி வளர்ந்தவர்கள். தெருக்கோடிக்குக் கேட்க வேண்டுமென்று நெஞ்சிலிருந்து தள்ளித் தள்ளியே மேலே போவோம். தள்ளினால் அந்த இடம் வழிவிடாது. சத்தத்தைப் பாதியாக்கி, 'ம்' முப்பது, 'ஊ' முப்பது என்று பிரித்துக்கொண்டேன். நாற்பதில் காய்ச்சல் இரண்டு போக முப்பத்தெட்டு நாள். இரண்டாயிரத்து இருநூற்றெண்பது முறை.

ஈஸ்டர் ஆராதனையில் அந்த இடத்தைக் கடந்தது எனக்கே தெரியவில்லை. வாத்தியாருக்கும் தெரியவில்லை. ஜனங்கள் போனபின் வந்தார்.

"நல்ல வேலை பண்ணீங்கண்ணே. அந்த எடத்துல வாயை மட்டும் அசைச்சுட்டீங்க. அடுத்த வாரத்துலேர்ந்து பேஸ்ல நின்னுக்குங்க."

"ஆர்கன்ல உக்காரு, தம்பி."

"எல்லாரும் போயிட்டாங்கண்ணே."

"நான் பாடப்போறது உனக்கு. உக்காரு."

வாசித்தார். தனியாகப் பாடினேன். ஒருமுறை கேட்டு எழப் பார்த்தார், விடவில்லை. ஐந்தாவது முறை, எனக்குச் சொல்லாமலே அரைச் சுரம் ஏற்றி வாசித்தார். கவனித்தேன், கேட்கவில்லை, அதிலும் கடந்தேன். ஒன்பதாவது முடிந்ததும் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்து, "போதும்ணே" என்றார்.

"எனக்குப் பத்தல" என்று, ஆர்கன் இல்லாமலே பத்தாவது முறை பாடினேன். லேசாக உடைந்தது.

அவர் முகத்தில் சிரிப்பு வருவதற்குள், "ஒன்பது சரி, ஒண்ணுதான் ஒடஞ்சது. நகர மாட்டேன்" என்றேன்.

"டெனர்லயே நில்லுங்க, நில்லுங்க. யாரு வேணாம்னா? எனக்குப் பசிக்குதுண்ணே" என்று ஆர்கனை மூடினார்.