வெளிச்சம் விழுந்த படம்

என் அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். வீட்டுக்குப் பின்னால் தொலைநோக்கியை நிறுத்தி, அதில் கேமராவை மாட்டி, தூரத்து விண்மீன் திரள்களைப் படமெடுக்கும் பைத்தியம் அவருக்கு. கேமரா திறந்திருக்கும்வரை வீட்டில் ஒரு விளக்கும் எரியக் கூடாது. எரிந்தால் படம் பாழ். அக்கா இருட்டிலேயே பாத்திரம் கழுவுவாள். "எனக்குக் கண்ணு விரல்ல இருக்குடா" என்று என்னிடம் சிரிப்பாள்.

அன்று அவளுக்கு மூச்சு முட்டியது. மாத்திரை தேடச் சமையலறை விளக்கைப் போட்டாள்.

"லைட்டை அணைடி!" என்று வெளியிலிருந்து கத்தினார். அணைத்துவிட்டாள். பிறகு ஏதோ விழுந்த சத்தம். பாத்திரம்தான் என்று நினைத்து, மிச்சப் படங்களையும் எடுத்து முடித்த பிறகே அந்த மகராசன் உள்ளே போனார். தரையில் அக்கா கிடந்தாள். திறக்காத மாத்திரை டப்பா கையிலேயே இருந்தது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு, கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் காட்டினார். திரை முழுக்க வெள்ளை. இப்படிக் கெட்டுப்போனதை வழக்கமாக உடனே அழித்துவிடுவார்.

"இதுல உங்க அக்கா உயிரோட இருக்கா, மாப்ள."

பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த படத்தைத் தட்டினேன். அவள் தரையில் கிடந்தபோது எடுத்தது. இருட்டு கொஞ்சமும் கலையாமல், அவர் ஆசைப்பட்டபடியே துல்லியமாக வந்திருந்தது.