விளக்கில் காட்டிய கண்ணாடி

எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூரில் ஒரு சின்ன ஸ்டுடியோ வைத்திருந்தேன். முன்னால் ஸ்டுடியோ, பின்னால் வீடு. பாஸ்போர்ட் படமும் கல்யாணப் படமும் எடுத்துப் பிழைப்பு ஓடியது. ஆனால் மனசுக்குள் நான் பெரிய கலைஞன் என்ற நினைப்பு. அந்த நேரம் பார்த்துத் திருச்சியில் காலண்டர் அச்சடிக்கும் ஒரு பிரஸ்காரர், "கொள்ளிடத்து மணல்லேருந்து திருமழபாடி கோபுரம் தெரியிற மாதிரி ஒரு கலர் ஸ்லைடு குடுங்க. நல்லா வந்தா அடுத்த வருஷக் காலண்டர்ல போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சுற்றுவட்டாரத்து வீடுகளின் சுவர்களில் வருஷம் முழுக்க என் படம் தொங்கப்போகிறது!

முதல் ஸ்லைடு திரும்பி வந்தது. மணலும் கோபுரமும் நன்றாக விழுந்திருந்தன. வானம்தான் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துப் போயிருந்தது. கறுப்பு வெள்ளைப் படமென்றால் இருட்டறையில் பிரிண்ட் போடும்போது ஏதாவது செய்து ஒப்பேற்றிவிடுவேன். ஸ்லைடு என்பது ஃபிலிமிலேயே நேராக விழுகிற படம். அதில் அந்த ஜம்பம் பலிக்காது, எடுக்கும்போதே சரியாக விழுந்தாக வேண்டும். அதற்கென்று ஒரு ஃபில்டர் உண்டு. சதுரக் கண்ணாடித் துண்டாக இருக்கும், மேல்பாதி கறுப்பு, கீழ்பாதி தெளிவு. லென்ஸுக்கு முன்னால் செருகினால் வானத்தின் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும், நிறத்தை மாற்றாது. மெட்ராஸ் கடைக்கு எழுதினேன். கறுப்பில் மூன்று அளவு இருக்கிறது, சட்டென்று முடிகிற கறுப்பும் உண்டு, மெல்லக் கரைகிற கறுப்பும் உண்டு, எது வேண்டும் என்று பதில் வந்தது. வாங்குவதுதான் வாங்குகிறோம், இருப்பதிலேயே கறுப்பானதை, கோடு கிழித்த மாதிரி முடிகிறதை அனுப்பச் சொன்னேன். என் புத்தி அப்படி.

இரண்டாவது ஸ்லைடும் திரும்பி வந்தது. ஆறும் மணலும் மட்டும் என்றால் அந்தக் கோடு யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. கோபுரம் கோட்டைத் தாண்டி மேலே நிற்கிறதே! பாதிக் கோபுரம் வெயிலில், மீதிக் கோபுரம் கரியில். "கோபுரத்துக்கு யார் தீ வைத்தது? இன்னும் ஒரு முறை பார்க்கிறேன். அதற்குமேல் அச்சு வேலை காத்திருக்காது" என்று கடிதம் வந்தது. மெட்ராஸிலிருந்து வேறு ஃபில்டர் வந்து சேர நாள் இல்லை. வீட்டில் எல்லாவற்றுக்கும் எரிந்து விழுந்தேன், சோற்றில் உப்பு சரியாக இருந்ததற்கும்கூட.

என் மனைவி அந்த ஸ்லைடை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தாள். இடுப்பில் ஏழு மாத மகள்.

"பாப்பாவுக்கு மை ஜாஸ்தியா வச்சுட்ட மாதிரி இருக்குங்க" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உனக்கு எல்லாம் மைதான்" என்று கத்தினேன்.

மகளுக்கு மை அவளேதான் செய்வாள். விளக்கெண்ணெய் விளக்கின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, படிகிற கரியை வழித்து, எண்ணெயில் குழைப்பாள். அன்று மத்தியானம் ஸ்டுடியோவில் கிடந்த பழைய ஃபிரேம் கண்ணாடித் துண்டுகளைக் கழுவித் துடைத்து, அதே விளக்கை ஏற்றி உட்கார்ந்தாள். கண்ணாடியின் மேல்பக்கத்தைச் சுடரில் அதிக நேரம் காட்டி, கீழே வரவர வேகமாக நகர்த்தினாள். கரி மேலே அடர்ந்து, நடுவில் இளைத்து, கீழே காணாமலே போனது. எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று என் கண்ணுக்கே பிடிபடவில்லை. பிடிக்காததையெல்லாம் துடைத்துவிட்டு மறுபடி காட்டினாள். கடைசியில் மூன்று தேறின: கனம், நடுத்தரம், லேசு. கரி கலையாமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் இன்னொரு கண்ணாடி வைத்து ஓரத்தில் காகிதம் ஒட்டினாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் பாராட்ட வேண்டி வந்திருக்கும்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மூவரும் திருமழபாடி போனோம். மணலில் இறங்கி ஸ்டாண்டை ஊன்றினேன். கை தானாகக் கனமான கண்ணாடிக்குப் போனது.

"அது வேணாங்க" என்றாள். மூன்றையும் ஒவ்வொன்றாகக் கோபுரத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள், கலசத்தைப் பார்த்தாள், மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். அவசரமே இல்லை. வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது, எனக்கு உயிர் போனது. கடைசியில் லேசானதை என்னிடம் நீட்டினாள்.

"இது போதும். மை வச்சதே தெரியக் கூடாது, கண்ணு மட்டும் பளிச்சுன்னு தெரியணும்."

மூன்றாவது ஸ்லைடு திரும்பி வரவில்லை. மார்கழியில் பிரஸ்காரர் காலண்டரோடு நேரிலேயே வந்தார். நீல வானம், அதில் இரண்டு மேகம், முழுசாக வெயில் குளித்த கோபுரம். "என்ன ஃபில்டர் சார் போட்டீங்க?" என்று கேட்டார். மனைவி காபியோடு பக்கத்தில்தான் நின்றாள்.

"மெட்ராஸ்லேருந்து வரவழைச்சது. வெளிநாட்டுச் சரக்கு" என்றேன்.

வாய் கூசாமல் சொன்னேன். அவள் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாசியில் அவரே மறுபடி எழுதினார். செந்துறைப் பக்கம் முந்திரிக்காட்டை எடுத்துத் தர வேண்டும், அடுத்த வாரம் வந்து பேசுகிறேன் என்று. கண்ணாடிகளைத் தேடினேன். மூன்றும் அடுக்களையில் பளிங்கு மாதிரி கழுவிக் காய்ந்துகொண்டிருந்தன. மகள் கண் நிறைய மையோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன இப்படிப் பண்ணிட்ட?"

"வெளிநாட்டுச் சரக்கு இருக்குல்ல, அத வச்சு எடுங்க" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.

என்னைவிடப் பெரிய கண் இந்த வீட்டில் இருக்கிறது என்று எனக்கு ஆற்று மணலிலேயே தெரியும். தெரிந்தும் மறைத்தேன். அந்த வாரம் முழுக்க அவள் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

பிரஸ்காரர் வந்ததும் அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, "சார், போன தடவ நான் சொன்னது பொய். அந்த ஃபில்டர் இவ விளக்குல காட்டிச் செஞ்சது. எத வைக்கணும்னு சொன்னதும் இவதான்" என்றேன். அவர் கேலி என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவள் பக்கம் திரும்பினார்.

"அப்படியாம்மா? சரி, முந்திரிக்காட்டுக்கு எந்தக் கண்ணாடிம்மா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

"எடத்தப் பாக்காம சொல்ல முடியாதுங்க" என்றாள் அவள். "மரத்துத் தலையெல்லாம் ஏத்த எறக்கமா இருக்கும். எந்தப் பக்கம் நின்னு எடுக்கணும்னு சொல்லுங்க."

அவர் நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டு விவரம் சொல்ல ஆரம்பித்தார். அன்று காபி நான் போட்டேன்.