செசிலி பார்க்காத இரண்டாம் பாதி

செசிலியைக் கோபக்காரி என்று ஸ்பிரிங்வெளித் தோட்டம் முழுக்கச் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். கோபப்பட வேண்டிய இடத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஜனங்களைவிட அவள் எவ்வளவோ மேல். ஆனால் அப்பேர்ப்பட்டவளுக்கும் ஒரே ஒரு நாள், வரவேண்டிய நிமிஷத்தில் கோபம் வரவில்லை. வாசற்கதவைச் சாத்தின பிறகுதான் வந்தது. வந்து என்ன பிரயோசனம்?

அவளுக்கு வயது நாற்பத்து நாலு. கொழுந்து பறிக்கிறாள். புருஷன் யேசுரத்தினத்துக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் படுக்க இரண்டு காம்பரா, சமைக்க ஒரு குசினி. இதுவரைக்கும் எல்லாரையும் போலத்தான். ஆனால் கொழும்பில் பலே நடனம் என்று ஒரு நோட்டீஸ் வந்துவிட்டால் போதும், செசிலி மலைக்கு லீவு சொல்லிவிட்டு, பதுளையிலிருந்து காலை ரயிலில் ஏறிவிடுவாள். கொட்டாஞ்சேனையில் தங்கச்சி வீட்டில் முகம் கழுவி, நல்ல சேலை கட்டி, சொந்த டிக்கட்டில் போய் உட்கார்ந்து பார்ப்பாள். திரும்பி வந்ததும் கைபேசியில் பத்து நிமிஷம் பேசுவாள். பதுளை பஸாரில் அச்சுக்கூடம் வைத்திருக்கும் அஸீஸ் நானா அந்தப் பேச்சைத் தன் இணையப் பக்கத்தில் ஏற்றிவிடுவார். மறுநாள் பத்து மணித் தேத்தண்ணிக்குக் கூடையை இறக்கிவைத்த பெண்கள், மலையிலேயே வட்டமாக உட்கார்ந்து அதைக் கேட்பார்கள். ஸ்பிரிங்வெளியில் மட்டுமில்லை, நமுனுகுலயிலும் பூனாகலையிலும் கேட்டார்கள். பலே என்றால் கால் பெருவிரல் நுனியில் நின்று ஆடுகிற வெள்ளைக்கார ஆட்டம் என்பது அந்த மலைகளில் இப்போது எல்லாருக்கும் தெரியும்.

கேட்கத்தான் செய்வார்கள். செசிலியின் வாய் அப்படி. "அந்தத் தம்பி பொண்ணைப் பூவைத் தூக்குற மாதிரி தூக்குவாருன்னு நோட்டீஸ்ல போட்டிருந்தாங்க. எனக்கு மா மூட்டையத் தூக்குன மாதிரிதான் தெரிஞ்சுச்சு. எறக்கையில 'தொப்'புன்னு சத்தம் வேற!" என்று ஒரு தடவை சொன்னாள். இன்னொரு தடவை, தாமதமாக வந்து எல்லார் காலையும் மிதித்துக்கொண்டு போனவர்களைக் கிழித்துத் தோரணம் கட்டினாள். "வெளக்கு அணைஞ்சதும் கதவைச் சாத்தணும். அதுக்கப்புறம் சனாதிபதியே வந்தாலும் தொறக்கக் கூடாது" என்றாள். அதை யாரோ மண்டபக்காரர்களிடம் சொன்னார்களோ என்னவோ, அடுத்த தடவையிலிருந்து கதவைச் சாத்தத்தான் செய்தார்கள். செசிலிக்குப் பெருமை பிடிபடவில்லை.

"கொழும்புல எவளோ காலத் தூக்குனா ஒனக்கு என்னடி?" என்பார் யேசுரத்தினம்.

"கிரிக்கெட்ல எவனோ பந்தத் தூக்கி அடிச்சா ஒங்களுக்கு என்னங்க?" என்பாள் அவள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

இந்தப் பைத்தியம் அவளுக்கு எங்கே பிடித்தது என்று கேட்டால், அங்கேயும் ஒரு கோபம்தான் இருக்கிறது. பதினைந்து வயதில் அவளைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். தேவநாயகம் என்கிற வக்கீல் வீடு. பதினொரு வருஷம். அந்த வீட்டு மகளைச் செவ்வாயும் வெள்ளியும் பலே வகுப்புக்குக் கூட்டிப்போவது செசிலியின் வேலை. ஜன்னலுக்கு வெளியே ஆயாக்களுக்கென்று ஒரு பெஞ்சு. மற்ற ஆயாக்கள் தூங்கி வழிவார்கள். செசிலி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே பார்ப்பாள். பிளியே, அரபெஸ்க், பிருவெட் என்று ஒவ்வொரு அடவாக டீச்சர் சொல்லச் சொல்ல உள்ளே இருந்த பிள்ளைகளுக்கு ஏறாதது வெளியே நின்றவளுக்கு ஏறியது. வீட்டில் ஆள் இல்லாத நேரம் குசினி சிங்க்கைப் பிடித்துக்கொண்டு அவளும் விரல் நுனியில் நின்று பார்த்தாள். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

ஆண்டு விழா வரும். மகள் மேடையில் ஆடுவாள். அம்மாவும் ஐயாவும் உள்ளே உட்கார்ந்து பார்ப்பார்கள். செசிலி சாப்பாட்டுப் பெட்டியையும் செருப்புப் பையையும் வைத்துக்கொண்டு வெளியே நிற்பாள். பதினொரு வருஷத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "நீயும் வா" என்று ஒரு வாய் சொல்லவில்லை. கலியாணத்துக்கென்று தோட்டத்துக்குத் திரும்பி வந்து, முப்பத்து மூன்று வயதில் சொந்த டிக்கட் வாங்கித்தான் அவள் முதல்முதலாக ஒரு மண்டபத்துக்குள் காலை வைத்தாள்.

இந்தத் தடவை வந்தது சாதாரண நோட்டீஸ் இல்லை. 'உப்பு இளவரசி' என்று புதிதாக ஒரு பலே. இரண்டாம் பாதியில் உப்பு இளவரசி மழையில் கரைந்து போகிற தனி நடனம். ஆடப்போவது நிஷாலினி. நமுனுகுலயில் கொழுந்து பறிக்கிற சிவசக்தியின் மகள். பத்து வயதில் கன்னியாஸ்திரீகள் கொழும்புக்குக் கூட்டிப்போய்ப் படிக்கவைத்த பிள்ளை. இப்போது பதினேழு. லயத்தில் பிறந்த பிள்ளை அந்த மேடையில் தனியாக ஆடி செசிலி பார்த்ததே இல்லை.

சிவசக்தி பஸ் பிடித்து ஸ்பிரிங்வெளிக்கே வந்துவிட்டாள்.

"நீயும் வாயேன் புள்ள. ரெண்டு பேருமாப் போவோம்" என்று செசிலி எவ்வளவோ கூப்பிட்டாள்.

"ஐயோ வேணாங்க்கா. அந்த மாதிரி எடத்துல எனக்கு உக்காரவே தெரியாது. பிள்ளைக்கு வெக்கமாப் போயிரும். உள்ள போட்டோ புடிக்கவும் விட மாட்டாங்களாம். நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க. நீங்க சொன்னா நான் பாத்த மாதிரிதான்."

"கண்ணு ரெண்டையும் கொண்டுபோய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன், போ" என்றாள் செசிலி.

முதல் பாதி சுமார்தான். மீனவர்களாக வந்த பையன்கள் ஒருவன் எம்பும்போது ஒருவன் இறங்கினான். செசிலி மனதுக்குள் அவர்களை வறுத்தெடுத்துக்கொண்டே இடைவேளைக்கு வெளியே வந்து தண்ணீர் குடித்தாள். இரண்டாம் மணி அடித்துவிட்டது. மூன்றாம் மணிக்கு முன் உட்கார்ந்துவிட வேண்டும் என்று திரும்பினாள்.

"இது செசிலியெல்லே?"

தேவநாயகம் அம்மா! தலை முழுக்க நரைத்திருந்தது. தோளில் மூன்று வயதுப் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள் என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது.

"நல்லதாப் போச்சு செசிலி! ஆயா இண்டைக்கு வரேல்லை. மூத்த பேத்தி இப்ப ஆடப்போறாள். இவளை ஒருக்கா வச்சிரு, அஞ்சு நிமிசத்தில வாறன்."

சொல்லி முடிப்பதற்குள் பிள்ளை கைமாறிவிட்டது. செசிலியின் கை நீண்டது. அவளைக் கேட்காமலே நீண்டது. பிள்ளையின் தலையைத் தாங்க எந்த முழங்கையை எப்படி மடக்க வேண்டும் என்று அந்தக் கைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. "சரிங்கம்மா" என்று வாயும் சொல்லிவிட்டது. பாழாய்ப் போன வாய்! ஜனாதிபதிக்கே கதவைத் திறக்கக் கூடாது என்று சொன்ன அதே வாய்.

மூன்றாம் மணி அடித்தது. விளக்கு அணைந்தது. கதவைச் சாத்தினார்கள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கைப்பைக்குள் டிக்கட் இருந்தது, அவள் பெயரில் ஒரு நாற்காலி உள்ளே காலியாகக் கிடந்தது, அவள் மறுபடியும் வெளியே ஆயா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கதவருகே நின்ற பையனிடம் போய், "தம்பி, நான் டிக்கட் எடுத்தவ. இந்தப் பிள்ளையக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்றாள். அவன் பிள்ளையையும் அவளையும் பார்த்து, சிங்களத்தில், பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஆயாவுக்கு அனுமதி இல்லை என்றான். பெஞ்சிலேயே கிடத்திவிட்டுப் போகலாமா என்றுகூடப் பார்த்தாள். தூக்கத்திலேயே பிள்ளை அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. அது என்ன பாவம் செய்தது?

உள்ளே வாத்தியம் கேட்டது. மழைச் சத்தம் மாதிரி ஒன்று கேட்டது. பிறகு ஒரே நிசப்தம். அந்த நிசப்தத்தில்தான் நிஷாலினி ஆடிக்கொண்டிருக்க வேண்டும். அடுத்தாற்போல் மண்டபமே இடிந்து விழுகிற மாதிரிக் கைதட்டல். செசிலி கதவைப் பார்த்துக்கொண்டு, மடியில் யார் வீட்டுப் பிள்ளையையோ வைத்துக்கொண்டு, அழுதாள்.

ஐந்து நிமிஷம் என்று போன அம்மா ஐம்பது நிமிஷம் கழித்து எல்லாரோடும் வந்தாள். "அப்பவும் நீ நல்ல பிள்ளை, இப்பவும் நல்ல பிள்ளை" என்று கன்னத்தைத் தட்டினாள். "அந்தத் தனி நடனம் ஆடின பெட்டையைப் பாத்தியே? உங்கட பக்கத்துப் பிள்ளையாம். நம்பவே ஏலாது! ஒருநாள் வீட்டுக்கு வா செசிலி, பழைய சாறி கொஞ்சம் கிடக்கு."

செசிலி வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது நெஞ்சு முட்ட இருந்தது. திரும்ப மூடிக்கொண்டாள். அம்மா காரில் ஏறிப் போய்விட்டாள். நிஷாலினியைப் பார்த்து வாழ்த்தக்கூட நிற்காமல் செசிலி ஓடிவந்துவிட்டாள். எந்த முகத்தோடு நிற்பது?

ராத்திரி ரயிலில் ஏறினாள். பட்டிப்பொலை ஸ்டேஷனைத் தாண்டியபோதுதான் அம்மாவை மனதுக்குள் திட்ட ஆரம்பித்தாள். எல்லைக்குள் அடங்காத திட்டு. பண்டாரவளை வந்தபோது திட்டு தீர்ந்துபோய், மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. நீட்டினாள், அவ்வளவுதான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பதுளையில் இறங்கி அச்சுக்கூடத்துக்கு நேரே போனாள். அஸீஸ் நானா முழுவதையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இதுக்கா இவ்வளவு? நீங்க பாக்காட்டி என்னா, நோட்டீஸ்ல கதை முழுக்க ஈக்கிதானே. புள்ள நல்லா ஆடினான்னு நாலு வார்த்தை சொல்லிருங்க. தாய்க்கும் சந்தோசம். ஆருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும் நானா! வாசல்ல நின்ன கதைய உள்ள இருந்த கதையா மாத்திச் சொன்னா, அப்புறம் நான் யாரைக் கொற சொல்றது? அந்தப் புள்ள கால் விரல் தேஞ்சு ஆடியிருக்கா. அவளுக்கு நான் பொய்ப் பூ போடவா?"

கைபேசியை எடுத்து அங்கேயே பேசினாள். முதல் பாதியில் மீனவப் பையன்களுக்கு வழக்கம்போலக் கிடைத்தது. பிறகு சொன்னாள்: "ரெண்டாம் பாதிய நான் பாக்கல. நமுனுகுலப் புள்ள நிஷாலினி தனியா ஆடுனா. கைதட்டலக் கேட்டேன், ஆட்டத்தப் பாக்கல. முந்தி நான் வேல செஞ்ச வீட்டு அம்மா பேத்திய நீட்டுனாங்க, நான் வாங்கிட்டேன். யாரும் என்னயக் கட்டாயப்படுத்தல. பதினெட்டு வருசம் ஆச்சு அந்த வேலைய விட்டு. வேலய விட்டேன், கை விடல. சிவசக்தி, என்னய மன்னிச்சிரு. இல்லாட்டி மன்னிக்காத. ஒன் இஷ்டம்."

மறுநாள் பத்து மணிக்கு மலையில் கூடை இறங்கியது. பெண்கள் கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. பாக்கியலெட்சுமி மட்டும், "அந்தம்மா மூஞ்சில காறித் துப்பாம வந்தியே" என்றாள். அவ்வளவு நேரமும் செசிலி தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

கைபேசி அடித்தது. சிவசக்தி.

"ஏன்க்கா வாங்குனீங்க?" எடுத்த எடுப்பிலேயே கத்தினாள். "எம் புள்ள ஆடுற நேரத்துல ஏன்க்கா வாங்குனீங்க? முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னா? ஊரு பூரா வாய் பேசுறீங்க, அங்க வாய் எங்க போச்சு?"

செசிலி தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். சிவசக்தியே மறுபடியும் பேசினாள்.

"கேட்டதுலேர்ந்து இந்த மலையில உக்காந்து நெனச்சுப் பாத்தேன். என் கையில நீட்டியிருந்தா நானும் வாங்கியிருப்பேன். அதாங்க்கா எனக்கு இம்புட்டு ஆத்திரமா வருது."

செசிலி கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அடுத்த ஆட்டம் எப்பன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள் சிவசக்தி. "நானும் வர்றேன். உக்காரத் தெரியாட்டி என்னா, தெரிஞ்சுக்கிறேன். மணி அடிக்கிறதுக்கு முன்னுக்கே ஒங்க ரெண்டு கையையும் நான் புடிச்சுக்கிறேன். என் கைய நீங்க விட்றாதீங்க."