வெள்ளைப் புகைக்குப் பயந்து வீடு மாறியது

மார்கழிக் காலையில் வாசலில் நின்றால் முகத்தில் பூந்தூறலாய் ஈரம் படியும். அது மழையுமில்லை, பனியுமில்லை, கடலூரிலிருந்து உள்ளே போகும் சாலையோரம் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்கு எதிரே, அனல்மின் நிலையத்தின் அகலமான கோபுரங்கள் பொழுதுக்கும் கக்கிக்கொண்டிருந்த "வெள்ளப் பொக"யின் ஈரம். நானும் அக்கா செல்வியும் நாக்கை நீட்டி அதைப் பிடிப்போம், அம்மா ஓடிவந்து ஆளுக்கொன்று முதுகில் வைப்பாள்.

அக்காவுக்குச் சிறுவயதிலிருந்தே "இழுப்பு". சிதம்பரத்தில் கோயிலைச் சுற்றியே வளர்ந்த அம்மாவுக்கு, அந்தப் புகைதான் பிள்ளையின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. தெருவில் எல்லாருக்கும் அதே எண்ணம்தான், பக்கத்தில் ஒல்லியாக நின்ற புகைபோக்கியிலிருந்து வருவது கண்ணுக்கே சரியாகத் தெரியாததால் அதை யாரும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. அப்பாவை நச்சரித்து, அழுது, சாப்பிடாமல் கிடந்து, நிலையத்துக்கு அந்தப் பக்கம், முந்திரித் தோப்புகள் கோபுரங்களை மறைத்த ஓர் ஊருக்கு எங்களைக் கூட்டிப்போய்விட்டாள்.

அங்கே காயப்போட்ட துணியில் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஒன்று படியும். "பண்ருட்டி லாரிங்க கெளப்புற புழுதி" என்று அம்மா உதறி மடிப்பாள். அக்காவுக்கோ இழுப்பு "ஜாஸ்தி"யாகிக்கொண்டே போனது. அடுத்த கோடையை அவள் தாண்டவில்லை.

பிற்பாடு நான் பொறியியல் படிக்கப் போனேன். கரியை எரித்து நீரை ஆவியாக்கி, அந்த ஆவியால் சுழலியைச் சுற்றவைத்து, வேலை முடிந்த ஆவியைக் குளிர்விக்கும் தண்ணீரின் சூட்டை ஆற்றத்தான் அந்தக் கோபுரம், அதிலிருந்து எழுவது புகையே இல்லை, வெறும் நீராவி என்றும், வடிகட்டியில் சிக்காத சாம்பல் தூள் ஒல்லிப் புகைபோக்கி வழியாகக் காற்றடிக்கும் பக்கம் போய் இறங்கும் என்றும் ஆசிரியர் பலகையில் வரைந்து காட்டியபோது, துணியில் படிந்த அந்தச் சாம்பல் நிற மாவு ஞாபகத்துக்கு வந்தது. அடப்பாவமே, மூட்டைமுடிச்சோடு நேராக அதன் வாயிலேயே போய் விழுந்திருக்கிறோம்! ஊருக்கெல்லாம் விளக்கேற்றியவர்களில் ஒருவராவது அன்றைக்குத் தெருவுக்கு வந்து இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றும் வயிறெரிகிறது.

பழைய நிலையத்தை மூடிவிட்டார்கள். சென்ற மாதம் கோபுரங்களை வெடிவைத்துத் தகர்த்ததை, இப்போது நாங்கள் இருக்கும் கடலூர் வீட்டில் அம்மாவுக்குச் செல்போனில் காட்டினேன்.

"தொலஞ்சுதா சனியன்" என்றாள். பிறகு, "இன்னும் ஒரு வருசம் முன்னாடியே வூடு மாறியிருந்தா எம்பொண்ணு பொழச்சிருப்பா. நாந்தான் மசமசன்னு இருந்துட்டேன்" என்றாள்.

"நீ சரியான நேரத்துக்குத்தாம்மா மாத்துன" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுக்களைக்குள் போய்விட்டேன்.